பெரிய சார் போன பிறகு: தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரை

தூத்துக்குடி

முத்து நகர் என்ற பெயரைத் தூத்துக்குடி இன்னும் விட்டுவிடவில்லை. சென்னைக்குப் போகும் இரவு ரயிலுக்கு அதே பெயர். கடைப் பலகைகளிலும் அதே பெயர். முத்துக்குளிப்போ 1961-ஓடு நின்றுபோனது. அதற்குப் பிறகு இந்தக் கரையில் சலாபம் நடக்கவில்லை. அந்தக் கடைசிச் சலாபத்தில் இருபது வயதில் கல்லைக் கட்டிக்கொண்டு முத்துப்பாரில் இறங்கியவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். பனிமய மாதா பேராலயத்துக்கு எதிரே கடற்கரையில் நின்று பழைய துறைமுகத்தையும், தெற்கே 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகத்தின் பளுதூக்கிகளையும் பார்க்கும்போது, ஒரு தொழில் நின்றபின் அதன் அறிவு எங்கே போகிறது என்ற கேள்வி எழுகிறது. முத்துச் சிப்பியைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னல் போன்ற மீன்துறை அதிகாரிகள் எழுதியவை நூலகத்தில் இருக்கின்றன. இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1973-ல் வளர்ப்பு முத்தையே உருவாக்கிக் காட்டினார்கள். குளியாளின் உடம்புக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி திரேஸ்புரத்துச் சங்குகுளிகளிடம் போய்ச் சேர்ந்தது. எழுதப்படாமலும் அடுத்த ஆளிடம் சேராமலும் போனது, அவரோடு போய்விட்டது.

இந்தக் கரையோரப் பள்ளிகளில் ஓய்வுபெறப் போகும் ஆசிரியரைப் பற்றி யோசிக்க வைப்பதும் இதே கேள்விதான். மே மாதக் கடைசி நாளில் தமிழ்நாட்டில் ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாக ஓய்வுபெறுகிறார்கள். பிறந்த தேதி சரியாகத் தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே ஒரு தேதியை எழுதிவிடுவது அந்தக் காலத்து வழக்கம்; ஜூனில் பள்ளி திறக்கும் நேரத்தில் வயது சரியாக வரும்படி எழுதிவிடுவார். அந்தப் பிள்ளைகளில் சிலர் வளர்ந்து ஆசிரியர்களாகி, எப்போதோ ஒரு பழைய வாத்தியார் எழுதிய தேதியில் பள்ளியைவிட்டு இறங்குகிறார்கள். ஆண்டின் நடுவில் அறுபது நிறைந்தால், கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனம் கிடைக்கிறது. அந்தக் கடைசி வாரங்கள் எப்படிக் கழிகின்றன என்று ஆசிரியர் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். பணிப்பதிவேட்டில் விடுபட்ட பதிவுகளைச் சரிசெய்ய அலுவலகத்துக்கு நடை, ஓய்வூதியக் கருத்துரு, நிலுவையின்மைச் சான்று, எப்போதோ எழுந்த தணிக்கைத் தடைக்குப் பதில். பிறகு ஒரு மாலையில் பொன்னாடை, மோதிரம், மக்ரூன் பெட்டி, மேளத்தோடு வீடுவரை ஊர்வலம். பொறுப்பு ஒப்படைக்கும்போது இருப்புப் பதிவேடும் பீரோச் சாவியும் கையெழுத்தோடு கைமாறுகின்றன. நாற்காலிகளையும் தராசுகளையும் ஒன்றுவிடாமல் எண்ணிக் கொடுக்கிறார்கள். முப்பது வருஷமாக அந்த ஊரைப் பற்றி அவர் சேர்த்து வைத்தது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்தக் கடைசி நாட்கள் முதலில் அந்த அறிவின் ஒப்படைப்புக்கே உரியவை, பாராட்டு விழா அதற்குப் பிறகு வரட்டும் என்பது என் கட்சி. இந்தக் கட்சிக்கு வேண்டிய சான்றும் எதிர்ச்சான்றும் தூத்துக்குடிக்குத் தெற்கே போகும் ஒற்றைச் சாலையிலேயே இருக்கின்றன.

முள்ளக்காடு, பழையகாயல்

அனல்மின் நிலையத்தைத் தாண்டியதும் பூமி வெள்ளையாகிறது. காவிரிக் கரைப் பக்கத்திலிருந்து வருகிறவர் கண்ணுக்கு இது பழக வெகுநேரம் ஆகும். பாத்திகள் உண்டு, வரப்புகள் உண்டு, மடை உண்டு, நீர் பாய்ச்சுகிறார்கள். பச்சை மட்டும் இல்லை. உப்பு உற்பத்தியில் இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்த இடம் தூத்துக்குடிக்கு. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் ஆணும் பெண்ணும் விடியலுக்கு முன்பே உப்பளத்தில் இறங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறிய பிறகு வெள்ளைப் பரப்பிலிருந்து அடிக்கும் ஒளி கண்ணைக் கெடுக்கிறது.

நம் பள்ளி நாட்காட்டி நஞ்சை நிலத்தையும் நகரத்து அலுவலகத்தையும் மனத்தில் வைத்துப் போட்டது. இந்தக் கரைக்கு வேறு நாட்காட்டி. வடகிழக்குப் பருவமழை பெய்யும் மூன்று மாதமும் உப்பளத்தில் வேலை கிடையாது; அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழ்நாடு அரசே கொடுக்கும் அளவுக்கு அது வெறுங்கைக் காலம். அரையாண்டுத் தேர்வு அந்தக் காலத்தின் கடைசியில் வருகிறது. மீனவர் கணக்கு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பள்ளி திறந்து நோட்டும் சீருடையும் வாங்க வேண்டிய ஜூன் முதல் இரண்டு வாரம், விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் அந்த வருஷத்திலேயே காசு மிகக் குறைந்திருக்கும் நேரம். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா. புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு, வேஷம் கட்டி, காணிக்கை எடுக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் பல நாள் வகுப்பில் இருக்க மாட்டார்கள். இவ்வளவும் பழைய ஆசிரியருக்கு அத்துப்படி. ஜூனில் நோட்டு கொண்டுவராத பிள்ளையை அவர் எழுப்பி நிற்க வைப்பதில்லை. வேறு மாவட்டத்திலிருந்து கலந்தாய்வில் வந்து சேரும் இளைய ஆசிரியர் நிற்க வைக்கிறார். அவர் இரக்கமில்லாதவர் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் யாரும் எதையும் சொல்லி வைக்கவில்லை.

இங்கே கனமான ஒரு மறுப்பு இருக்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது. பழைய ஆசிரியர் சேர்த்து வைத்தது எல்லாமே அறிவுதானா? ‘இந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது’, ‘கடலுக்குப் போகிறவனுக்குக் கணக்கு எதற்கு’, ‘அது அளத்துக்காரி மகள், எட்டாம் வகுப்போடு நின்றுவிடும்’ என்பவையும் அதே முப்பது வருஷத்தில் சேர்ந்தவைதாமே? சாதியும் தொழிலும் பின்னிக் கிடக்கும் ஊர்களில், ஒரு தலைமுறையின் தப்பெண்ணத்தை அடுத்த தலைமுறைக்கு ஊட்டிவிடும் வேலையாக இது முடியாதா? முடியலாம். இந்தத் தப்பெண்ணங்களோ ஏற்கனவே ஆசிரியர் அறையில் தேநீர் நேரத்தில் வாய்வழியாகச் சரளமாகக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. கைமாறாமல் போவது அளத்து வேலை எப்போது நிற்கும், எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் ஏறும், எந்தப் பிள்ளைக்கு விடியற்காலையில் அம்மா வீட்டில் இருக்க மாட்டாள் என்பவை. பெயர் போட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று வந்தால், ‘இந்தத் தெருப் பிள்ளைக்கு ஏறாது’ என்று எழுத யாருக்கும் கை வராது. எழுதினாலும் படிக்கிறவர் எதிர்க்க ஓர் இடம் கிடைக்கும். ஆளைப் பற்றிய தீர்ப்பு வேண்டாம், பருவத்தையும் இடத்தையும் பற்றிய குறிப்பு போதும் என்று வரையறுத்துவிட்டால் பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடும்.

தாமாகவே எழுதி வைத்தவர்களும் இங்கே உண்டு. இடையன்குடியில் 1841-ல் வந்து தங்கிய கால்டுவெல், நாற்பது ஆண்டுப் பழக்கத்தை வைத்து 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரத்தை எழுதினார். இந்தச் சாலைக்குச் சற்று மேற்கே வயல்களுக்கு நடுவே இருக்கும் கொற்கைதான் பழைய பாண்டியத் துறைமுகம் என்பதற்கும், தாமிரபரணி கொட்டிய மண் கடலைக் கிழக்கே தள்ளியதால் பின்னால் காயல் எழுந்தது என்பதற்கும் அந்தப் பழக்கமே கண் கொடுத்தது. அவர் பொறுப்பைத் துறந்தது 1891 ஜனவரியில். அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். ஓய்வுக்குப் பிறகு எழுதலாம் என்று இருந்திருந்தால் நமக்கு அந்தப் புத்தகம் இல்லை. நம் காலத்தில், தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து 2001-ல் ஓய்வுபெற்ற ஆ. சிவசுப்பிரமணியன், ‘உப்பிட்டவரை’ என்று உப்புக்கே ஒரு நூல் எழுதினார். இவர்கள் இருவருக்கும் பதிப்பாளர் இருந்தார், வாசகர் இருந்தார். ஆத்தூரிலோ முக்காணியிலோ இருக்கும் தொடக்கப் பள்ளி டீச்சருக்கு யார் இருக்கிறார்கள்?

புன்னைக்காயல்

ஆத்தூர்ப் பக்கம் தாமிரபரணி வந்ததும் நிலம் திடீரென்று மாறுகிறது. வாழை, வெற்றிலைக் கொடிக்கால், நெல். பேர்பெற்ற ஆத்தூர் வெற்றிலை இந்த ஈரத்தில் விளைவதுதான். அங்கிருந்து கிழக்கே, ஆறு கடலில் சேரும் இடத்தில் புன்னைக்காயல். மூன்று பக்கமும் நீர் சூழ, கடலையே நம்பி வாழும் ஊர். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியரின் முத்துக்கரைத் தலைமையிடம் இது. அண்ட்ரிக் அடிகளார் என்று நம்மவர் அழைக்கும் அன்றிக் அன்றிகஸ் தம் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்ததும் இங்கேதான்.

1520-ல் போர்ச்சுகலில் பிறந்து, 1546-ல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டே இந்தக் கரைக்கு அனுப்பப்பட்டவர் அவர். அப்போது வெளிநாட்டவர் தமிழ் கற்க ஒரு புத்தகமும் இல்லை. ஊராரிடம் கேட்டுக் கேட்டுக் கற்று, பின்னால் வருகிறவர்களுக்காகப் போர்த்துகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணக் கையேட்டை எழுதினார். தமிழில் அவர் செய்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான, இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் முதல் புத்தகம் அதுவே. அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர். 1586-ல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அடியார் வரலாறு’ வந்தது. 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள்.

வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘தம்பிரான் வணக்கம்’ வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு. தமிழ்நாட்டில் 2020 வரை அரசு ஆசிரியர் ஓய்வுபெற்ற வயது அது. அந்த ஆண்டில் ஐம்பத்தொன்பதாகவும் 2021-ல் அறுபதாகவும் உயர்த்தினார்கள். ‘அடியார் வரலாறு’ வந்தபோது அறுபத்தாறு. முப்பது வருஷம் ஓர் ஊரில் கற்பித்தவர் தம் மிகப் பெரிய வேலையை நாம் மாலை போட்டு அனுப்பும் வயதில்தான் செய்திருக்கிறார். நம் சட்டங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன? ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றி 2025 செப்டம்பர் 1-ல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு அளித்தது. பதவி உயர்வு கேட்டால் மட்டும் எழுத வேண்டும். அந்த விலக்கு நியாயமானது. அதன் மறுபக்கத்தையும் யோசித்திருக்கலாம். அந்த ஐந்து ஆண்டில் அவரைச் சோதிக்கத் தேவையில்லை என்றால், அவரிடமிருந்து பெற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

அன்றிகஸ் துறவி, அவருக்கு ஓய்வு என்பதே கிடையாது, குடும்பம் கிடையாது. குடும்பக்காரரான நம் ஆசிரியரோடு அவரை ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். சரியான கேள்வி. உழைத்தவருக்கு ஓய்வு கடன். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டவர்களுக்கு முதுமைச் செலவு பற்றிய கவலையும் உண்டு. அதனால்தான் அறுபதுக்குப் பிறகு அவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சம்பளம் வாங்கும் கடைசிப் பருவத்திலேயே பாடவேளையைக் குறைத்து, அலுவலக நடையைப் பள்ளி எழுத்தரிடம் விட்டு, அந்த நேரத்தை இதற்குக் கொடுங்கள் என்கிறேன்.

புன்னைக்காயல் இதைவிடக் கடுமையான ஒரு பாடத்தையும் வைத்திருக்கிறது. இவ்வளவு எழுதியும் அன்றிகஸின் வேலை இந்தக் கரையில் நிலைக்கவில்லை. ‘அடியார் வரலாறு’க்குப் பின் இங்கே அச்சு தொடரவில்லை. தரங்கம்பாடியில் 1713-ல் சீகன்பால்கின் அச்சகம் ஓடத் தொடங்கும்வரை தமிழ் அச்சு அங்கொன்றும் இங்கொன்றுமாகவே நடந்தது. இலக்கணக் கைப்பிரதி லிஸ்பனில் இருக்கிறது. ‘தம்பிரான் வணக்கம்’ ஹார்வர்டில் இருக்கிறது. ‘அடியார் வரலாறு’ வத்திக்கானில். அந்த இலக்கணத்தை வி.எஸ். ராஜமும் ஜீன் ஹெய்னும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது 2013-ல். உலகத்துக்குக் கிடைத்தது, புன்னைக்காயலுக்குக் கிடைக்கவில்லை. ஆசிரியர் எழுதி வைத்துவிட்டுப் போனால் போதும் என்ற என் வாதத்தின் பாதி இங்கே ஆட்டம் காண்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தாள் மட்டும் போதாது. அதை எடுத்துப் புழங்க, பக்கத்திலேயே ஓர் ஆள் வேண்டும்.

காயல்பட்டினம்

அந்த ஆளை எப்படி உருவாக்குவது என்பதைக் காயல்பட்டினம் நன்றாக அறியும். பெண்களுக்கென்றே தனித் தைக்காக்கள், ஓதக் கற்பிக்கும் பெண்கள், பழைய அரபுத்தமிழ் ஏடுகள், விருந்தென்றால் தம்மடையும் வட்டிலாப்பமும் என்று, சில மைல் வடக்கே இருக்கும் பரதவர் ஊர்களிலிருந்து வேறுபட்ட இன்னொரு கடல்வழி நாகரிகம் இந்த ஊர். இங்குள்ள மார்க்கக் கல்வி மரபில் இஜாஸா என்ற ஏற்பாடு உண்டு. ஒரு நூலை ஆசிரியரிடம் நேரே அமர்ந்து ஓதி முடித்தவருக்கு, ‘இதை இனி நீ கற்பிக்கலாம்’ என்று அவர் இசைவு தருகிறார். ஆசிரியருக்கு யார் கொடுத்தார், அவருக்கு யார் கொடுத்தார் என்ற தொடரும் அதோடு சேர்ந்து வருகிறது. தனக்குப் பின் கற்பிக்க ஒருவரை ஆக்கி விடுவதும் ஆசிரியர் வேலையில் சேர்த்தி என்று இந்த மரபு வைத்திருக்கிறது. நம் அரசுப் பள்ளியில் போகிறவரும் வருகிறவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே அபூர்வம். மே கடைசியில் ஒருவர் போகிறார். காலிப்பணியிடம் என்று அறிவித்து, கலந்தாய்வு நடந்து, அடுத்தவர் வரும்போது மாதங்கள் ஆகியிருக்கும்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் 2023 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருகி ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் நீரில் நின்றன, ஊர்கள் துண்டிக்கப்பட்டன. அந்த அளவு மழையை யாருடைய அனுபவமும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் வெள்ளம் வந்த எல்லா ஊரிலும் மக்கள் முதலில் ஏறுவது பள்ளிக்கூடத்துக்கு. எந்தக் கட்டடத்தின் தரை உயரம், எந்த வழி முதலில் முழுகும், முன்பு எந்தச் சுவர்வரை தண்ணீர் நின்றது, யார் வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள் என்பதெல்லாம் அங்கே பல வருஷம் இருந்த பெரிய சாருக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன் வந்தவருக்குத் தெரிய வழியில்லை. இப்போது 2023-ஐப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெறத் தொடங்கிவிட்டார்கள்.

மணப்பாடு

திருச்செந்தூரில் கூட்டம், அதைத் தாண்டியதும் உடன்குடிப் பனங்காடு, கருப்பட்டி வாசம், செம்மண் தேரி. பிறகு மணப்பாட்டின் மணல்மேடு கடலுக்குள் நீண்டு, அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில். கரையில் வலை பின்னுகிறவர்கள் காற்றைப் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்பவை அவர்களுக்கு அன்றாடக் கணக்கு. கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்துக் கடலடியில் இருக்கும் பாரைக் கண்டுபிடிக்கிற அவர்களுடைய வடிவியலை எந்தக் கணக்குப் புத்தகமும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது தனியே எழுத வேண்டிய வருத்தம்.

மணற்குன்றின் கடல்பக்கம் இருக்கும் குகையில் பிரான்சிஸ் சவேரியார் தங்கினார் என்பது ஊர் மரபு. அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542-ல். இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் இங்கே பணிசெய்தார். தமிழ் அவருக்குச் சரியாக வரவில்லை. தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். அவருடைய சமய நோக்கத்தைப் பற்றியும், போர்த்துகீசிய அதிகாரத்தோடு அதற்கிருந்த உறவைப் பற்றியும் பலருக்குப் பல கருத்து இருக்கும். அந்த விவாதம் நியாயமானது. இங்கே எனக்கு வேண்டியது, சீக்கிரமே கிளம்பப் போகிறோம் என்று தெரிந்த ஓர் ஆசிரியர் எப்படி ஊரைவிட்டார் என்பது. ஒவ்வோர் ஊரிலும் செபங்களின் எழுத்துப் பிரதி ஒன்றை விட்டுப்போனார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் படியெடுத்துக்கொள்ளச் செய்தார். தொடர்ந்து கற்பிக்க ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தினார். புன்னைக்காயலில் தாள் இருந்து ஆள் தொடராமல் போனது. சவேரியார் தாளையும் ஆளையும் சேர்த்தே விட்டார். கணக்கப்பிள்ளை என்ற பொறுப்பு இந்தக் கரையின் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நீடித்தது.

கடைசி மறுப்பு கல்வித் துறையிலிருந்து வரும். போகிறவர் இருக்கும்போதே வருகிறவரை அமர்த்தினால் ஒரு பணியிடத்துக்கு இரண்டு சம்பளம். விதி அனுமதிக்காது, நிதித்துறை ஒத்துக்கொள்ளாது. விதியைப் பொறுத்தவரை, மாணவர் நலனுக்காக ஓய்வுபெற்றவருக்கே மறுநியமனம் தரலாம் என்று ஒரு காலத்தில் எழுதியதும் இதே துறைதான். அந்த மாதங்களைப் பாடத்திட்டம் முடிப்பதற்கு மட்டும் என்று வைத்திருப்பதை ஒரு சிற்றாணையால் விரிக்கலாம். கலந்தாய்வை மே மாதத்துக்கு முன்பே முடித்து, புதியவர் கடைசி நான்கு வாரம் பழையவருடன் இருக்கும்படி செய்யலாம். மாநிலம் முழுக்க முடியாவிட்டால் கடலோரத்திலும் மலைப்பகுதியிலும் தொடங்கலாம். செலவு, ஓர் ஆசிரியருக்கு ஒரு மாதச் சம்பளம். அதற்கும் இந்தக் கரையில் முன்னுதாரணம் இருக்கிறது. முத்துக்கரையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. சவேரியார் அதைக் கேட்டு வாங்கி, கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளமாகக் கொடுத்தார்.